இன்னும் நூறு அடி வேகம்

குச்சிக்கிழங்குக் காட்டுல பன்னி இறங்கினதைப் பத்திப் போன தடவை எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு சென்னையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஏன் சார், ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கலாமே?" நகரத்துல இருக்கிறவங்களுக்குத் துப்பாக்கின்னா கடையில வாங்குற பொருள், தோட்டா டப்பாவுல வரும், விசையை இழுத்தா வேலை முடிஞ்சுது. சினிமாவும் அப்படித்தான் காட்டுது. உள்ளே போற மருந்து எவ்வளவு, அது குண்டை எவ்வளவு வேகத்துல தள்ளணும், அந்த வேகத்துக்கு எல்லைன்னு ஒண்ணு இருக்கா, இதையெல்லாம் யாரும் கேட்கிறதில்லை. இந்தக் கேள்வியை நான் ரெண்டு இடத்துல பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். ஒண்ணு எங்க அப்பாவோட பரண். இன்னொண்ணு, சொன்னா சிரிப்பீங்க, அமெரிக்காவுல டெக்சாஸ்.

முதல்ல அந்தத் தம்பிக்குப் பதில். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயிக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் இருக்கு. ஆனா அது குழல் வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிக்கு. லைசென்ஸ் இருக்கிறதாலேயே காட்டுப்பன்னியைச் சுட்டுடலாம்னு நினைக்கக் கூடாது; அதுக்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிக்குது. அதனால அப்பா பெரும்பாலும் போட்டது வெத்துவேட்டுதான். ரவை போடாம, மருந்தை மட்டும் இடிச்சு, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. உதவாத ஆளை வெத்துவேட்டுன்னு திட்டுறோமே, எங்க காட்டுல பாதிக் கிழங்கைக் காப்பாத்தினது அந்த வெத்துவேட்டுதான்.

அப்பாகிட்ட அளவுக்குன்னு ஒரு சின்ன மூங்கில் துண்டு இருந்துச்சு. தாத்தா செதுக்கினது. அதுல தலை தட்டி ஒரு தடவை. அவ்வளவுதான். பன்னி எவ்வளவு தூரத்துல நின்னாலும், மழை பெஞ்சாலும், அளவு மாறாது. "இன்னுங் கொஞ்சம் போட்டா நல்லா சத்தம் வருமில்லப்பா?"ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "சத்தம் முன்னாடிதான் போகும்னு உனக்கு யாருடா சொன்னது?"ன்னு கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதுக்கு ஒரு காரணம் எங்க சொந்தத்துலயே இருந்துச்சு. ஒன்னுவிட்ட பெரியப்பா ஒருத்தர். அவர்கிட்ட லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. யாரோ பட்டறையில ஏதோ ஒரு குழாயை வெச்சு செஞ்சு கொடுத்தது. ரெண்டு பங்கு மருந்து போட்டா ரெண்டு பங்கு தூரம் போகும்கிறது அவர் கணக்கு. பல தடவை அந்தக் கணக்கு சரியாத்தான் வந்துச்சு, அதுதான் கெடுதல். ஒரு நாள் ராத்திரி குழாய் வாய்ப்பக்கம் வெடிக்காம அடிப்பக்கம் பிளந்துச்சு. இடது கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போச்சு. நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் பால் ஊத்த வருவார். சொம்பை மூணு விரல்ல இடுக்கிக்கிட்டு, மத்தக் கையால மூடியைத் திறப்பார். ஒரு சொட்டு சிந்தாது. அந்தப் பழக்கம் வர அவருக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்கத் தோணலை.

நம்ம பாஷையில ஒரு விசேஷம் இருக்கு. காய்ச்சலுக்குச் சாப்பிடுறதும் மருந்து, பூச்சிக்கு அடிக்கிறதும் மருந்து, துப்பாக்கிக்குப் போடுறதும் மருந்து. மூணும் அளவுல நிக்கிற பொருள். ஒரு டேங்குக்கு ஒரு மூடின்னு எழுதியிருந்தா ரெண்டு மூடி ஊத்துற ஆளுங்க எங்க ஊர்ல இன்னும் இருக்காங்க. பூச்சி மருந்துல அந்தத் தப்பு மெதுவாத் தெரியும். துப்பாக்கி மருந்துல கண்ணிமைக்கிற நேரம் கூட இல்லை.

அப்பா காலமானதும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டோம். தேர்தலுக்குத் தேர்தல் அதைத் தூக்கிக்கிட்டுப் போய் வெச்சுட்டுத் திரும்ப வாங்குற அலைச்சலாவது மிச்சம். இனிமே இந்த விஷயம் நம்ம வாழ்க்கையில இல்லைன்னுதான் இருந்தேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பொண்ணு பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரம்மாவும் டெக்சாஸ் போனோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீடு ஆஸ்டின் நகரத்தைத் தாண்டி, வயலும் வெளியுமா இருக்கிற இடம். கிரீன் கார்டு வந்த பிறகு அவர் ஒரு ரைஃபிள் வாங்கியிருந்தார். பக்கத்து நிலத்துக்காரப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். வைக்கோல் புல்லும் மக்காச்சோளமும் போடுறவர். அவர் நிலத்துலயும் பன்னி! நம்ம ஊர் காட்டுப்பன்னிக்கு ஒரு சுத்து பெருசு. ஐரோப்பாவுல இருந்து கொண்டுபோய் விட்டது பெருகி, இன்னைக்கு அந்த மாநிலம் முழுக்கப் பெரிய தலைவலி. அங்கே சட்டம் வேற. நிலத்துக்காரர் சம்மதம் இருந்தா, சொந்த நிலத்துல அதைச் சுட வேட்டை லைசென்ஸ் கூட வேண்டாம்னு 2019ல மாத்திட்டாங்க. மக்காச்சோளக் காட்டைக் காட்டி அவர் கையை விரிச்ச விதம் இருக்கே, எங்க ஊர் ஆள் கையை விரிக்கிற மாதிரியே இருந்துச்சு.

அவர் தோட்டா வாங்குறதில்லை, தானே செய்யறார். கார் நிறுத்துற கொட்டகையில ஒரு மேசை, அதுல கைப்பிடி வெச்ச ஒரு சின்ன பிரஸ். ஒரு தடவை சுட்டுட்டா மிஞ்சுறது பித்தளைக் கூடு. அதோட அடியில இருக்கிற செத்த கேப்பைத் தட்டி எடுத்துட்டு, பழைய அளவுக்கு இறுக்கி, புதுக் கேப் வெச்சு, மருந்தை நிறுத்துப் போட்டு, மேல குண்டை அழுத்தினா மறுபடியும் தோட்டா. இதுக்கு அங்கே ஹேண்ட்லோடிங்னு பேர். கடையில வாங்குறதை விடச் சல்லிசு, தன் துப்பாக்கிக்குப் பொருத்தமாவும் செஞ்சுக்கலாம். சட்டப்படி அங்கே இது சாதாரண விஷயம். நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது குற்றம். படிக்கிற தம்பிகள் யாரும் யூடியூப் பார்த்துட்டுக் கிளம்பிடாதீங்க. நானும் அங்கே எதையும் தொடலை. சுற்றுலா விசாவுல போனவன் துப்பாக்கியையோ தோட்டாவையோ தொட்டா வம்பு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த மேசையில என்னை இழுத்தது தராசு. நகை ஆசாரி வெச்சிருக்கிற மாதிரி நுணுக்கமானது. மருந்தை 'கிரெயின்'ங்கிற கணக்குல நிறுக்கிறாங்க. கிரெயின்னா தானியம்! அந்தக் காலத்துல ஒரு வாற்கோதுமை மணியோட எடையாம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நாமளும் பொன்னை நெல்லெடை, குன்றிமணின்னுதானே நிறுத்தோம்? ஒரு குன்றிமணி ஏறக்குறைய ரெண்டு கிரெயின் வரும். இதை மாப்பிள்ளை மூலமாப் பெரியவருக்குச் சொன்னேன். எழுந்து வந்து கை குலுக்கினார்.

மேசையில எந்த நேரமும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிஞ்சு அதை அலமாரியில வெச்சுப் பூட்டின பிறகுதான் அடுத்தது வெளிய வரும். ஏன்னு கேட்டேன். 4831ங்கிற ஒரே எண்ணைப் போட்டு ரெண்டு விதமான மருந்து வருது, எரியிற வேகம் வேற வேற, ஒண்ணோட கணக்கை இன்னொண்ணுக்குப் போட்டா ஆபத்துன்னார். எனக்கு உடனே புரிஞ்சுது. மூட்டையில பொன்னின்னு எழுதிட்டா எல்லாம் ஒரே பொன்னியா? அம்பது கூட்டுல மருந்து போட்டு முடிச்சதும் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ளே எட்டிப் பார்ப்பார். ஏதாவது ஒண்ணுல ரெண்டு தடவை விழுந்திருந்தா மட்டம் ஏறித் தெரியும். நாத்துவிட்ட பிறகு தண்ணி மட்டம் பார்க்கிற மாதிரி.

எங்க அப்பா போட்டது கரிமருந்து. அதை மூங்கில் துண்டுல முகந்து போடலாம். ரைஃபிளுக்குப் போறது புகையில்லா மருந்து, ரொம்பவே வீரியமான சாதி. நம்ம நீலகிரியில அருவங்காட்டுல 1903ல ஆரம்பிச்ச கார்டைட் தொழிற்சாலை இந்த இனத்து மருந்துக்காக வந்ததுதான். மலை ரயில்ல ஊட்டிக்குப் போறவங்க அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போறீங்க. இந்த மருந்தை வாய்வழித் துப்பாக்கியில போட்டா குழல் தாங்காது. எங்க அப்பாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது; ஆனா யாரோ மிலிட்டரிக்காரர் "இது நல்ல மருந்து"ன்னு கொஞ்சம் கொடுத்தப்ப வாங்கலை.

இப்ப மாப்பிள்ளை கதைக்கு வர்றேன். அவர் பெரியவர்கிட்டக் கத்துக்கிட்டுத் தானும் ஒரு பிரஸ் வாங்கியிருந்தார். அவர் ரைஃபிள் .308 வின்செஸ்டர். கடையில விக்கிற தோட்டா, 150 கிரெயின் குண்டு, அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. டப்பாவுல வினாடிக்கு 2,820 அடி வேகம்னு போட்டிருக்கும். மாப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்து, அதுல போட்டிருக்கிற உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழேயிருந்து ஆரம்பிச்சு, படிப்படியா ஏத்திக்கிட்டு வந்திருக்கார். இது வரைக்கும் முறைதான். குழலுக்கு முன்னாடி ஒரு வேகமானியை வெச்சு ஒவ்வொரு குண்டோட வேகத்தையும் நோட்டுல குறிச்சிருக்கார். உச்ச அளவு போட்டும் 2,710தான் வந்துச்சு. டப்பாவை விட நூத்திப் பத்து அடி கம்மி. அது அவர் மனசுல முள்ளா நின்னுடுச்சு.

"நம்ம செய்யறது கடைச்சரக்கை விட மட்டமா இருக்கே மாமா"ன்னார்.

"பன்னிக்கு அது தெரியுமாங்க மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். சிரிச்சார். ஆனா விடலை. உச்சத்துக்கு மேல ஒன்றரை கிரெயின் சேர்த்து இருபது தோட்டா செஞ்சார். ஒன்றரை கிரெயின்னா ஒரு குன்றிமணி கூட இல்லை, நாலு நெல்மணி எடை.

ஆகஸ்ட் மாசம். நம்ம அக்னி நட்சத்திரம் தோத்துடும் வெயில். பெரியவர் நிலத்து ஓரத்துல மண்மேட்டுக்கு எதிரே மேசை போட்டிருக்கு. நானும் பெரியவரும் பின்னாடி நிக்கிறோம். மூணு குண்டு போட்டார். வேகமானி 2,770ஐத் தாண்டிக் காட்டுச்சு. மாப்பிள்ளை முகத்துல சந்தோஷம். மூணாவது போட்டுட்டு போல்ட் கைப்பிடியைத் தூக்குறார், அது வழக்கம் போல வழுக்கிக்கிட்டு வரலை. உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டித் தூக்கினார். வெளிய விழுந்த பித்தளைக் கூட்டைப் பெரியவர் குனிஞ்சு எடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுத்து பொறிச்சிருக்கிற இடத்துல புதுசா ஒரு பளபளப்பு, அரைக்கால் ரூபாய் அளவு கூட இல்லை. அதை என் கையில வெக்காம, நகத்தால சுட்டிக் காட்டினார். "போதும்"னு ஒரே வார்த்தை. மேசையில இருந்த மிச்சத் தோட்டாவைத் தானே பொறுக்கி டப்பாவுல போட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அவர் கொட்டகையில உட்கார்ந்து சொன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல. மாப்பிள்ளை எனக்காகத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தார், தன்னைப் பத்தின இடத்தையும் விடாம. எனக்கு விளங்கின வரைக்கும் எழுதறேன்.

வேகத்தால துப்பாக்கி வெடிக்கிறதில்லை. வெடிக்கிறது அழுத்தத்தால. ஆனா அழுத்தத்தை அளக்கிற கருவி நம்ம வீட்டுல இல்லை. புத்தகம் போடுற சோதனைச்சாலையில, பரிசோதனைக் குழல்ல உணர்கருவி பதிச்சு அளக்கிறாங்க. முன்னாடியெல்லாம் ஒரு சின்னச் செப்புத் துண்டை வெச்சு, அது எவ்வளவு நசுங்குதுன்னு பார்த்துக் கணக்குப் போட்டாங்களாம். .308க்கு அமெரிக்கத் தொழில்முறை எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நமக்குப் புரியிற கணக்குல சதுர சென்டிமீட்டருக்கு 4,300 கிலோவுக்கு மேல. நம்ம பவர் ஸ்பிரேயர் முப்பது நாப்பது கிலோவுல ஓடுது. அதுல ஓஸ் பிடுங்கிக்கிட்டு அடிச்சாலே தோல் கிழியும். இந்த 4,300 கிலோவை முகத்துக்கு ஒரு சாண் முன்னாடி வெச்சுக்கிட்டுச் சுடறோம். அதை அடைச்சுப் பிடிச்சிருக்கிறது எஃகு மட்டுமில்லை, பின்பக்கத்தைப் பித்தளைக் கூடுதான் மூடுது. பித்தளை இளகினா வாயு திரும்பி வர்ற வழி நம்ம கண்ணுப் பக்கம்.

வீட்டுல அழுத்தமானி இல்லைன்னாலும் வேகமானி இருக்கு. குண்டைத் தள்ளுறது அழுத்தம்தான், அதனால வேகம் அதோட நிழல். அதே குண்டு, அதே மருந்து, அதே நீளக் குழல். புத்தகத்தை விட வேகம் கூட வந்தா, புத்தகத்தை விட அழுத்தம் கூட வந்திருக்குன்னு அர்த்தம். சும்மா கிடைச்ச வேகம்னு எதுவும் கிடையாது. சில ஆளுங்க "என் ரைஃபிள் வேகமான ரைஃபிள்"னு பெருமை பேசுவாங்களாம். பெரியவர் அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் கோபமாப் பேசினார்.

அதனால அவர் வெச்சிருக்கிற எல்லை ரெண்டு. புத்தகத்து உச்ச மருந்து ஒண்ணு, புத்தகத்து உச்ச வேகம் ஒண்ணு. எது முதல்ல வருதோ அங்கே நிப்பாட்டணும். மருந்து பாக்கி இருக்கும்போதே வேகம் வந்துட்டா, அங்கேயே நிப்பாட்டணும். மருந்து உச்சத்துக்கு வந்தும் வேகம் வரலைன்னா, அந்தத் துப்பாக்கிக்கு அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு ஏன் வரலை? டப்பாவுல போட்டிருக்கிற 2,820ம் சரி, புத்தகமும் சரி, 24 அங்குலக் குழல்ல அளந்தது. மாப்பிள்ளை குழல் 20 அங்குலம். ஒரு அங்குலம் குறைஞ்சா ஏறக்குறைய 25 அடி வேகம் போயிடும். நாலு அங்குலத்துக்கு நூறு. அவருக்கு வந்த 2,710தான் நியாயமான வேகம்! சோதனைக் குழல் அளவு அழுத்தம் ஏற்கெனவே வந்தாச்சு, தள்ளுறதுக்கு நீளம்தான் இல்லை. குட்டைக் குழல்ல நெட்டைக் குழல் வேகத்தைத் தேடினா, அந்த நூறு அடியை அழுத்தத்துலதான் வாங்கணும். அதுவும் நேர்க்கணக்கு இல்லை. உச்சத்துக்குப் பக்கத்துல வேகம் ஒரு பங்கு ஏறினா அழுத்தம் ஏறக்குறைய ரெண்டு பங்கு ஏறும். பாதுகாப்பான வேகம் இவ்வளவுன்னு தோட்டாவுக்கு ஒரு எண் எழுதி வெக்க முடியாது, குழலுக்குக் குழல் அது வேற.

"போல்ட் இறுகுற வரைக்கும் ஏத்திப் பார்க்கலாம்னு நினைச்சேன்"னு மாப்பிள்ளை சொன்னார். நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்களாம். கேப் தட்டையாகும், போல்ட் இறுகும், பித்தளை பளபளக்கும், அதெல்லாம் வந்தா குறைச்சுக்கலாம்னு. பெரியவர் சொன்னது: அந்த அடையாளம் எல்லையில வர்றதில்லை, எல்லையைத் தாண்டின பிறகு வருது. சில துப்பாக்கியில ரொம்பத் தாண்டின பிறகும் வராது. இலை மஞ்சளாகிற வரைக்கும் காத்திருந்து தண்ணி விடறவனைப் பத்தி நாம என்ன சொல்வோம்? அதே கதை. இன்னொண்ணும் சொன்னார், எனக்குப் புதுசா இருந்துச்சு. வெயில். குளிர்காலத்துல செஞ்சு பார்த்துச் சரியா இருந்த தோட்டா, ஆகஸ்ட்ல வண்டிக்குள்ள கிடந்து சூடேறினா, அதே மருந்து இன்னும் வேகமா எரிஞ்சு அழுத்தம் கூடும். உச்ச விளிம்புல நிக்கிற தோட்டா அதுலயே தாண்டிடும். அதனால அவரோட தோட்டாவெல்லாம் உச்சத்துக்கு ஒரு படி கீழேதான்.

அந்த நூறு அடியால என்ன லாபம்னும் கணக்குக் காட்டினார். 180 மீட்டர் தூரத்துல குண்டு இறங்குற வித்தியாசம் ஒரு விரல்கடை கூட இல்லை. அவர் பன்னியைச் சுடறது அதுல பாதித் தூரத்துல. எப்படிப் பார்த்தாலும் குண்டு சத்தத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல வேகமாப் போகுது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசலை. உள்வீட்டுல குழந்தை பிறந்து பதினோரு நாள். அவர் கை மேசை விளிம்பைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு கையிலயும் பத்து விரலும் இருக்கான்னு நான் எண்ணிப் பார்த்தேன்னு அவருக்குத் தெரியாது. பெரியப்பா கதையை அன்னைக்கு ராத்திரிதான் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா"ன்னார். நாட்டுக் குழாய்க் கதை எதுக்குன்னு இருந்துட்டேன்னு சொன்னேன்.

மறுநாள் மிச்சம் பதினேழு தோட்டாவையும் பிரிச்சாங்க. அதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கு. தோட்டாவை அதோட தலைக்குள்ள மாட்டித் தரையில ரெண்டு தட்டுத் தட்டினா, குண்டும் மருந்தும் கழண்டு உள்ளேயே விழுந்துடும். மாப்பிள்ளை தட்ட, பெரியவர் மருந்தை ஒரு தட்டுல சேர்த்தார். திரும்ப டப்பாவுல போடலை. வெளிய எடுத்துட்டுப் போய் வேலியோரத்துப் புல்லுல நாம உரம் விசிறுற மாதிரியே கையை வீசி விசிறினார். எனக்குப் பகீர்னுச்சு. "நைட்ரஜன்"னார். அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படலை. மூணு வாரம் கழிச்சு நாங்க ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அந்த மூலைப் புல் மட்டும் யூரியா போட்ட வயலாட்டம் கரும்பச்சையா நின்னுச்சு.